கல்லில் எழுதுமுன்: தாத்தாவின் பதக்கம் பற்றி ஒரு பதில்

கேள்வி: மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். என் அப்பாவின் அப்பா 1979இல் காலமானார். யுத்த காலத்தில் திருகோணமலைக்குப் போய் ‘ஆமிக்காரனோட’ வேலை செய்தவர் என்று அப்பாயி சொல்லிக் கேட்டிருக்கிறோம். அவருடைய தகரப் பெட்டியில் ஒரு பதக்கம் கிடைத்தது. ஒரு பக்கம் ராஜாவின் தலை. மறுபக்கம் ஒரு மரமும் இரண்டு சிங்கமும், 1939, 1945 என்ற இலக்கங்களும். பெயர் எதுவும் இல்லை. நாடா ஆரஞ்சும் பச்சையுமாக நைந்துபோய்க் கிடக்கிறது. பாடசாலை முற்றத்தில் கருங்கல் நட்டு, ‘இராணுவ வீரர்’ என்று தாத்தாவின் பெயரைப் பொறிக்க வேண்டும் என்கிறார் சித்தப்பா. பெரிய மாமாவோ, “வெள்ளைக்காரன் சண்டைக்குப் போனவருக்குக் கல் எதுக்கு? சண்டை முடிஞ்சு மூணு வருஷத்துல நம்ம பிரஜாவுரிமையைப் பறிச்சிட்டாங்களே” என்று கோபப்படுகிறார். அதிபருக்கு இராணுவம் என்ற பேச்சே பயமாக இருக்கிறது. இதற்கிடையில் கீழ் லயத்து வரிசை வீட்டுப் பெரியம்மா ஒருவர், “எங்கப்பாவுந்தான் அங்க ரோட்டு வேலைக்குப் போனாரு, எங்களுக்கு ஒரு பதக்கமும் வரலையே” என்றார். எது சரி? அரசாங்கத்திடமிருந்து ஏதாவது பதிவு எடுக்க முடியுமா? கொழும்பிலிருந்து ஒருவர் பதக்கத்தை விலைக்கும் கேட்கிறார்.
– ஓர் ஆசிரியை, மஸ்கெலியா

பதில்:

அன்புள்ள டீச்சர்,

கல்லை இப்போதைக்கு நட வேண்டாம். தாத்தாவுக்கு மரியாதை செய்ய வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. கட்டாயம் செய்ய வேண்டும், அதுவும் பிள்ளைகள் பார்க்கும் இடத்தில். ஆனால் கல்லில் ஏறிய சொல்லை யாரும் திருத்துவதில்லை. உங்களிடம் இன்று இருக்கும் ஆதாரம் ‘இராணுவ வீரர்’ என்ற சொல்லைத் தாங்காது. ஆவணக் காப்பாளராகப் பல ஆண்டுகள் தோட்டத்து மக்களின் கடதாசிகளோடு பழகியவன் என்ற முறையில் இதை அழுத்திச் சொல்கிறேன். நம்முடைய முன்னோரைப் பற்றி மற்றவர்கள் பிழையாக எழுதி வைத்தது போதும். நாமும் அதைச் செய்யக்கூடாது.

முதலில் பதக்கம். நீங்கள் விவரித்திருப்பது பாதுகாப்புப் பதக்கம். மரத்தின் மேல் ஒரு கிரீடம் இருக்கும், கீழே ஆங்கிலத்தில் அதன் பெயர் இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். ராஜா ஆறாம் ஜோர்ஜ். இந்தப் பதக்கத்தில் அவர் தலையில் கிரீடம் இருக்காது. நாடாவின் நடுவிலுள்ள ஆரஞ்சு நிறம் குண்டுவீச்சின் தீயையும், ஓரப் பச்சை பிரித்தானியாவின் நிலத்தையும், பச்சைக்குள் ஓடும் மெல்லிய கறுப்புக் கோடுகள் இரவில் விளக்கணைத்திருந்த காலத்தையும் குறிக்கும். பெயர் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். இரண்டாம் உலக யுத்தத்தின் பிரித்தானியப் பதக்கங்கள் பெரும்பாலும் பெயர் பொறிக்காமலேயே வழங்கப்பட்டன. முதலாம் யுத்தத்தில் அப்படியல்ல, விளிம்பில் இலக்கமும் பெயரும் படைப்பிரிவும் இருக்கும்.

சித்தப்பாவிடம் நீங்கள் நிதானமாகச் சொல்ல வேண்டிய விஷயம் இது. பாதுகாப்புப் பதக்கம் படையினருக்கும் கொடுக்கப்பட்டது, வான் தாக்குதல் பாதுகாப்பு, தீயணைப்பு போன்ற சிவில் பாதுகாப்புச் சேவைகளில் குறிப்பிட்ட காலம் இருந்தவர்களுக்கும் கொடுக்கப்பட்டது. ஆயுதப்படையில் முழுநேரமாக 28 நாள் இருந்தவருக்கு யுத்தப் பதக்கம் என்று இன்னொன்று உண்டு. அதில் ராஜாவின் தலையில் கிரீடம் இருக்கும், மறுபக்கம் ஒரு சிங்கம் இரட்டைத் தலை டிராகனின் மேல் நிற்கும். நாடா சிவப்பு, நீலம், வெள்ளை. தாத்தா சிப்பாயாக இருந்திருந்தால் அந்த இரண்டாவது பதக்கத்துக்கும் உரித்தானவர். அது பெட்டியில் இல்லை. தொலைந்திருக்கலாம். விண்ணப்பிக்காமலே விட்டிருக்கலாம், ஆங்கிலத்தில் படிவம் நிரப்பிக் கேட்க வேண்டிய ஒன்றை லயத்தில் இருந்த மனிதர் கேட்காமல் விட்டது அதிசயமில்லை. அல்லது அவர் படையில் சேராமல் சிவில் பாதுகாப்பில் இருந்திருக்கலாம். ‘ஆமிக்காரனோட வேலை செஞ்சாரு’ என்ற அப்பாயியின் வார்த்தை இந்த மூன்றுக்குமே பொருந்துகிறது. அதனால் பெட்டியைத் திரும்பவும் பாருங்கள், தகரத்தின் அடியில் விரித்திருக்கும் பழைய பத்திரிகைத் தாளுக்குக் கீழேயும் பாருங்கள். பழுப்பு நிறச் சின்னப் புத்தகம் ஒன்று, அதாவது சிப்பாயின் சம்பளப் புத்தகம், கிடைத்தால் எல்லாக் கேள்விக்கும் விடை வந்துவிடும். இலக்கம், சேர்ந்த திகதி, தொழில், நெருங்கிய உறவினர் பெயர் எல்லாம் அதில் இருக்கும். அந்த இலக்கம்தான் திறவுகோல். அது இல்லாமல் இராணுவத்தின் ஆவணப் பிரிவுக்கு ‘முருகன், மஸ்கெலியா’ என்று எழுதினால், அவர்களால் தேடவே முடியாது.

இங்கே ஒரு விவரம். இன்றைய இராணுவம் 1949 ஒக்டோபர் 10ஆம் திகதி அமைக்கப்பட்டது. யுத்த காலத்தில் இருந்தது இலங்கைப் பாதுகாப்புப் படை. அதிலிருந்த தோட்டத்துரைமார் துப்பாக்கிப் படை வெள்ளைக்காரத் துரைமாருக்கு மட்டுமானது. பிரித்தானிய இராணுவத்தில் நேரடியாகச் சேர்க்கப்பட்டவர்களின் கோப்புகள் வேறு. அவை 2022 முதல் பிரித்தானியப் பாதுகாப்பு அமைச்சிலிருந்து அந்நாட்டுத் தேசிய ஆவணக் காப்பகத்துக்கு மாற்றப்பட்டு வருகின்றன. பொதுநலவாய யுத்தக் கல்லறை ஆணைக்குழுவின் பட்டியலில் தேடிப் பலனில்லை. 1939 செப்டெம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரையான காலத்துக்குள் இறந்தவர்கள்தான் அதில் இருப்பார்கள், தாத்தா 1979 வரை இருந்தவர்.

எனக்கு அதிக நம்பிக்கை இருப்பது யாரும் நினைத்துப் பார்க்காத ஓரிடத்தில். 1948இல் பிரஜாவுரிமை பறிபோன பிறகு, தாத்தா அதற்கு விண்ணப்பித்தாரா? 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானிய வதிவோர் பிரஜாவுரிமைச் சட்டத்தின்படி, 1946 ஜனவரி 1ஆம் திகதிக்கு முந்திய தொடர்ச்சியான வதிவைக் காட்ட வேண்டியிருந்தது. திருமணமானவருக்கு 7 ஆண்டு, மற்றவர்களுக்கு 10 ஆண்டு. கணக்குப் போட்டுப் பாருங்கள், யுத்த ஆண்டுகள் முழுவதும் அந்தக் காலத்துக்குள் விழுகின்றன. அதாவது 1942இல் எங்கே இருந்தீர், 1943இல் யாரிடம் வேலை செய்தீர் என்ற கேள்விக்கு அவர் ஏதாவது பதில் சொல்லியே ஆகவேண்டும். தோட்டத்து வேலைச் சீட்டு, தோட்டத்துரையின் கடிதம், திருகோணமலையில் வேலை கொடுத்தவரின் சீட்டு, ஏதாவது ஒன்று இணைக்கப்பட்டிருக்கக் கூடும். தன்னை வெளியாள் என்று சந்தேகித்த அரசுக்குத் தாத்தா கொடுத்த கடதாசிதான் இன்று அவருடைய சேவைக்குச் சாட்சியாக நிற்கக்கூடும். முதலில் வீட்டில் நகல் தேடுங்கள். இல்லையென்றால் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்துக்கு, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுதுங்கள். தமிழிலேயே எழுதலாம். தாத்தாவின் முழுப்பெயர், அவருடைய அப்பாவின் பெயர், தோட்டம், டிவிஷன், விண்ணப்பித்த ஆண்டு என்று தெரிந்ததையெல்லாம் போடுங்கள். கொடுப்பதா இல்லையா என்ற முடிவைத் தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும், மறுத்தால் மேன்முறையீடு உண்டு. பெயரை எழுதும்போது கவனம். அந்தக் காலத்துக் கணக்கப்பிள்ளைமார் காதில் விழுந்தபடி எழுதியவர்கள். ராமசாமி, ராமாயி மகன், ராமன் என்று ஒரே ஆளுக்கு மூன்று எழுத்துக்கூட்டல் இருக்கும், மூன்றையும் கொடுங்கள்.

பெரிய மாமாவின் கோபத்தைத் தட்டிவிட வேண்டாம். அதற்கு நியாயமும் இருக்கிறது, வரலாறும் இருக்கிறது. இந்தத் தீவில் முன்னாள் படையினருக்கான மரியாதை பற்றிய சண்டை புதிதல்ல. முதலாம் யுத்தத்துக்குப் பிறகு ஒவ்வொரு நவம்பர் 11ஆம் திகதியும் பொப்பி மலர் விற்றுப் பணம் சேர்த்தார்கள். அந்தப் பணத்தில் இலங்கை முன்னாள் படையினருக்கு உரிய பங்கு கிடைக்கவில்லை என்ற மனக்குறையில்தான் 1931இல் அதே நாளில் சூரிய மல், அதாவது பூவரசம்பூ, விற்கும் இயக்கம் தொடங்கியது. பிறகு அது ஏகாதிபத்தியத்துக்கு எதிரான இளைஞர்களின் கைக்குப் போனது. 1934, 35 மலேரியாக் கொள்ளைநோயின்போது அவர்களேதான் கிராமங்களுக்கு மருந்தும் உணவும் கொண்டு போனார்கள். ஆகவே மாமா பேசுவது மரியாதைக் குறைவான பேச்சு அல்ல. ‘யாருக்காகப் போனார், திரும்பி வந்தபோது என்ன கொடுத்தார்கள்’ என்று கேட்கிறார். அந்தக் கேள்வி பலகையிலேயே இடம்பெற வேண்டும் என்பது என் கருத்து.

ஆனால் ஒன்றை மாமாவிடம் சொல்லுங்கள். தாத்தா போனது வெள்ளைக்காரனின் சண்டை என்றாலும், குண்டு விழுந்தது இந்தத் தீவில். 1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறன்று ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. ஏப்ரல் 9ஆம் திகதி திருகோணமலைத் துறைமுகத்தையும் சீனக்குடா விமானத்தளத்தையும் தாக்கின. அன்றே மட்டக்களப்புக்கு அப்பால் ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கடிக்கப்பட்டது. துறைமுகத் தொழிலாளர் பெருந்தொகையாக ஊர்களுக்கு ஓடினார்கள். கொழும்பின் பாடசாலைகள் மலையேறின, குருத்தலாவையில் இன்றும் இருக்கும் சென் தோமஸ் கல்லூரி அந்த 1942இல் வந்ததுதான். எல்லாரும் திருகோணமலையை விட்டு மேலே ஓடிவந்த காலத்தில் ஒருவர் இங்கிருந்து கீழே இறங்கிப் போனார் என்றால், கூலிக்காகவே போயிருந்தாலும், அது சின்னக் காரியமில்லை. மலேரியா வேறு அங்கே காத்திருந்தது.

இப்போது கீழ் லயத்துப் பெரியம்மா. உங்கள் கடிதத்தில் என்னை அதிக நேரம் நிறுத்தி வைத்தது அவருடைய வார்த்தைதான். அவருடைய அப்பாவின் பெயர் எந்தப் படைப்பட்டியலிலும் இருக்காது. வீதி, விமானத்தளம், எண்ணெய்க்குதம், துறைமுகம் என்று யுத்தத்துக்காக நடந்த வேலைகளில் ஆயிரக்கணக்கானோர் இருந்தார்கள். அவர்களில் பலர் ஒப்பந்தக்காரரிடம் நாட்கூலிக்கு இருந்தவர்கள். ஒப்பந்தக்காரரின் செக்ரோலை, அதாவது கூலிப் பதிவேட்டை, யாரும் காப்பகத்தில் வைக்கவில்லை. தோட்டத்தில் தங்கியவர்களும் சும்மா இருக்கவில்லை. 1942இல் மலாயா விழுந்ததும் நேசநாடுகளுக்கு இயற்கை றப்பர் கிடைத்த முக்கியமான இடம் இலங்கைதான். மரம் பட்டுப்போனாலும் பரவாயில்லை என்று வெட்டிப் பால் எடுக்கச் சொன்னார்கள். தேயிலையை பிரித்தானிய உணவு அமைச்சு மொத்தமாக வாங்கியது. பர்மா விழுந்ததால் அரிசி வரவு நின்று, பங்கீட்டு அரிசியும் மாவுமாக வயிற்றைக் கழுவிக்கொண்டு கொழுந்து பறித்தவர்கள் நம்முடைய பெண்கள். யாருடைய கழுத்திலும் அதற்கு நாடா ஏறவில்லை.

ஆகவே தாத்தாவுக்கு மட்டும் என்று ஒரு கல் நட்டால், பதக்கம் வந்து சேர்ந்த வீடு ஒன்றுக்கு மரியாதையும், வந்து சேராத வீடுகளுக்கு மறதியும் என்று ஆகிவிடும். அந்தப் பெரியம்மா தினமும் அந்தக் கல்லைத் தாண்டித்தான் நடக்க வேண்டும். தோட்டம் முழுவதற்கும் ஒரே பலகையாக வையுங்கள். பதக்கம் பெற்றவர், பெறாதவர் என்று மேலே கீழே பிரிக்காமல், பெயர்களை அகர வரிசையில் போடுங்கள். சித்தப்பாவுக்கு இது கசக்கும். தாத்தாவின் பதக்கம் இல்லாவிட்டால் இந்தப் பேச்சே எழுந்திருக்காது, மற்றப் பெயர்கள் எல்லாம் அவர் பெட்டியிலிருந்துதான் வெளியே வருகின்றன என்பதை அவரிடம் சொல்லுங்கள்.

பெயர்களைச் சேர்க்கும் வேலையை உங்கள் மேல் வகுப்புப் பிள்ளைகளிடம் கொடுங்கள். எண்பதைத் தாண்டிய ஒவ்வொருவரிடமும் போய், ‘யுத்த காலத்தில் உங்கள் வீட்டிலிருந்து யார் எங்கே போனார்கள்’ என்று கேட்டு, அவர்கள் சொன்ன சொல்லாகவே எழுதட்டும். தொலைபேசியில் குரலையும் பதியட்டும். யார் சொன்னது, எந்தத் திகதியில் சொன்னது என்பது ஒவ்வொன்றிலும் இருக்க வேண்டும். தோட்ட அலுவலகத்தில் பழைய செக்ரோல், பிறப்பு இறப்புப் பதிவு ஏதும் மிஞ்சியிருக்கிறதா என்று பெரிய கிளாக்கரிடம் கேளுங்கள். 1992இல் தோட்டங்கள் கம்பனிகளுக்குப் போன பிறகு பழைய புத்தகங்கள் பல இடங்களில் பழைய பேப்பராகப் போய்விட்டன. ஆனாலும் கேட்காமல் விடாதீர்கள். 1942 ஏப்ரல், மே மாத வீரகேசரியும் தினகரனும் கொழும்பு 7இலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் பார்க்கக் கிடைக்கும். நீங்கள் சேர்ப்பதன் ஒரு பிரதியை, தமிழ் ஆவணங்களை இணையத்தில் சேமித்து வைக்கும் நூலகம் நிறுவனத்துக்கும் கொடுத்து வையுங்கள், லயத்துக் கூரை ஒழுகினாலும் அது பத்திரமாக இருக்கும்.

அதிபரின் பயத்தை நான் முழுவதும் விளங்கிக்கொள்கிறேன். இந்த நாட்டில் படையினரைக் கௌரவிக்கும் விழா என்றால் மே மாதமும் 2009ஆம் ஆண்டும்தான் எல்லார் மனதிலும் வரும். நம்முடைய ஆட்களில் படையிலும் பொலிஸிலும் இருந்தவர்களும் உண்டு, சந்தேகத்தின் பேரில் பிடித்துச் செல்லப்பட்டு வருடக்கணக்கில் திரும்பாத பிள்ளைகளைப் பெற்றவர்களும் உண்டு. இரண்டு வீட்டாரும் ஒரே தண்ணீர்ப் பீலியில் குடம் வைக்கிறவர்கள். அதனால் உங்கள் நிகழ்ச்சியை மே மாதத்தில் வைக்காதீர்கள், சீருடை அணிவகுப்பும் வேண்டாம். ஏப்ரல் 9ஆம் திகதிக்கு முன்பு வரும் பாடசாலை நாள் ஒன்றைத் தெரிவு செய்யுங்கள். தலைப்பிலேயே 1939–1945 என்று போட்டுவிட்டால் எந்த யுத்தம் என்ற மயக்கம் வராது. முற்றத்தில் கல் நடுவதென்றால் கல்வி வலயத்தின் அனுமதி வேண்டும், தோட்டக் காணியென்றால் முகாமையாளரின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும். மண்டபச் சுவரில் மரப்பலகை ஒன்று மாட்டுவது சுலபம். புதிய பெயர் கிடைத்தால் சேர்க்கவும் முடியும். கல்லைவிடப் பலகையே நல்லது என்று நான் சொல்வதற்கு முதற்காரணம் அதுதான்.

வாசகத்தை இப்படி அமைத்துப் பாருங்கள்:

‘1939–1945 யுத்தத்தின்போது இத்தீவின் பாதுகாப்புக்காக உழைத்த எமது தோட்டத்து மக்கள்.’ அதன் கீழ் பெயர்கள். ஒவ்வொரு பெயரோடும் தந்தை அல்லது தாயின் பெயர், டிவிஷன், தெரிந்த அளவுக்கு வேலை. உங்கள் தாத்தாவுக்கு, ‘திருகோணமலையில் பணியாற்றினார், பாதுகாப்புப் பதக்கம் பெற்றார்’. பெரியம்மாவின் அப்பாவுக்கு, ‘திருகோணமலைப் பக்கம் வீதி வேலை செய்தார், மகளின் வாய்மொழி’. கடைசி வரியாக, ‘1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம் இவர்களைப் பிரஜைகளாக ஏற்கவில்லை’.

அந்தக் கடைசி வரியை எடுத்துவிடச் சொல்லி யாராவது வருவார்கள். எடுக்க வேண்டாம். அது யாரையும் திட்டும் வரி அல்ல, சட்டத்தின் இலக்கத்தோடு நிற்கும் உண்மை. 1947 தேர்தலில் வாக்களித்த தோட்டத்து மக்களில் மிகப் பெரும்பாலானோர் 1952இல் வாக்களிக்க முடியாமல் போனது பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும். அந்த வரி இருந்தால் பெரிய மாமாவும் பலகைக்கு முன்னால் வந்து நிற்பார் என்று நினைக்கிறேன்.

முடிந்தால் பிள்ளைகளைக் கண்டி யுத்தக் கல்லறைக்கு ஒருமுறை கூட்டிப் போங்கள். பிரித்தானியர், கிழக்கு ஆபிரிக்கர், இலங்கையர், இந்தியர் என்று இருநூறு பேரளவில் அங்கே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். ஒரே அளவுக் கல், ஒரே வரிசை. பலகை எப்படி இருக்க வேண்டும் என்று பிள்ளைகளே சொல்வார்கள்.

பதக்கத்தை விற்க வேண்டாம். சந்தையில் அது அபூர்வமானதல்ல, பெரிய விலையும் வராது. உங்கள் குடும்பத்துக்கோ அதுவே ஒரே சாட்சி. பிராசோ போட்டு மினுக்காதீர்கள், நாடாவைத் துவைக்காதீர்கள், எந்தக் கடதாசியையும் லமினேட் செய்யாதீர்கள். அமிலமில்லாத தாளில் சுற்றி, ஈரம் படாத இடத்தில் வையுங்கள். மஸ்கெலியா மழைக்குத் தகரப் பெட்டி துருப்பிடிக்கும். இரு பக்கத்தையும் விளிம்பையும் நல்ல வெளிச்சத்தில் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள்.

இதைப் படிக்கும் வேறு யார் வீட்டிலாவது அந்த யுத்தத்தில் படையில் இருந்தவரோ அவருடைய மனைவியோ இன்னும் உயிரோடு இருந்தால், இலங்கை முன்னாள் படையினர் சங்கத்தைத் தாமதிக்காமல் தொடர்புகொள்ளுங்கள். வறுமையிலுள்ள அத்தகையவர்களுக்குப் பொதுநலவாய முன்னாள் படையினர் அமைப்பின் உதவிகள் அந்த வழியாகத்தான் கிடைக்கும்.

இன்னும் ஒன்று, டீச்சர். தாத்தாவின் கூடப்பிறந்தவர்கள் யாராவது, தோட்டத்து மக்களை இந்தியாவுக்கு அனுப்பிய சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தில் கப்பலேறினார்களா? அப்படியானால் கூடலூர், கோத்தகிரிப் பக்கம் இருக்கும் அந்தக் குடும்பத்துக்கு ஒரு கடிதம் போடுங்கள். இந்தியா போகும்போது வீட்டிலிருந்த ஆங்கிலக் கடதாசியையெல்லாம், எது எதற்கு உதவும் என்று தெரியாமல், அள்ளிக்கொண்டு போனவர்கள் பலர். சம்பளப் புத்தகமும் மற்றப் பதக்கமும் அங்கே இருக்கலாம். அவர்களுடைய பதில் வரும்வரை தாத்தாவின் பெயருக்கு எதிரே இரண்டு வரி இடம் விட்டு வையுங்கள்.